இரண்டரை சீசன்

தஞ்சாவூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த டாக்டர்
என் இடது காதருகே கடிகாரம் பிடித்தார்.
கேட்கிறதா?
நன்றாகக் கேட்கிறது என்றேன்.
அது ஓடாத கடிகாரம்.

அப்படித்தான் நான் பந்துக்காரன் ஆனேன்.

மாயவரம் லோகோ ஷெட்டில் மிச்சம் ஆறு பேர்,
நாகப்பட்டினம் துறைமுகத்தில் நான்கு பேர்.
மற்றவர்கள் பஸ்ராவில், இம்பாலில்,
தபாலில் மை பூசி அழித்த ஊர்களில்.
இரண்டு டீமையும் சேர்த்துத் தைத்து
மேலதிகாரிகள் நீளமாக ஒரு பெயர் வைத்தார்கள்.
ஒட்டுப்போட்ட டீம் என்றது ஊர்.
பதினொன்றாவது ஆளாக
கரி அள்ளிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.
கை கழுவக்கூட விடவில்லை.

லெஃப்ட் பேக் வீராசாமி ராஜாளியாரின் இடம்.
அவர் பூட்ஸ் ஷெட்டில் ஆணியில் தொங்கியது.
எனக்கு அரை அங்குலம் பெரிசு.
தேங்காய் நார் அடைத்துக்கொண்டேன்.
பட்டாளத்திலிருந்து அவர் போட்ட கடிதத்தில்
சென்சார் விட்டுவைத்தது இரண்டே வரி:
பூட்ஸுக்கு விளக்கெண்ணெய் போடு.
வெயிலில் வைக்காதே.

ஆட்டத்துக்கு மூன்று ரூபாய், இரண்டு படி அரிசி.
ரங்கூன் அரிசி நின்றுபோன காலம்,
ரூபாயை யார் எண்ணினார்கள்?
நெல் விளையும் சீமையில்
அரிசிக்காகப் பந்து உதைத்தவன் நான்.

மாசியில் அறுத்த தாளை மிதித்துத் தொடங்குவோம்.
ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்தால்
மைதானம் மறுபடி வயல்.
ஒரு வருஷம் கூறைநாட்டுக்காரர்களோடு ஒன்றுக்கு ஒன்று,
பத்து நிமிஷம் பாக்கி,
மடை திறந்து தண்ணீர் வந்துவிட்டது.
பந்து மிதந்தது.
நாற்று விடணும், போங்கடா என்று
மண்வெட்டியோடு நின்றார் வயல்காரர்.
அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை.

எனக்கு விசில் கேட்காது.
எல்லோரும் நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருப்பேன்,
ஜனங்களுக்கு அது தனிக் காட்சி.
தஞ்சாவூர் விமானத் தளத்து வெள்ளைக்காரர்களோடு ஆடிய அன்று
ஒரு செம்பட்டைத் தலையனிடம் பந்தைப் பிடுங்கி
மைதானம் முழுக்கத் தாண்டி
வலைக்குள் அடித்தேன்.
ஆட்டம் முடிந்து ஒரு நிமிஷம் ஆகியிருந்ததாம்.
செம்பட்டைத் தலையனும் கைதட்டினான்.
நான் போட்ட ஒரே கோல், கணக்கில் இல்லை.
மறுவாரம் அவன் விமானம் திரும்பவில்லை,
அதை எந்தக் கணக்கில் எழுதினார்களோ.

பேப்பரில் ஒரே ஒரு முறை பெயர் வந்தது,
ஞானப்பிரகாசம் என்று.
நான் ஞானாதிக்கம்.

சண்டை முடிந்த மறு பங்குனி,
மூன்றாவது சீசன் பாதியில்,
ராஜாளியார் வரப்பில் வந்து நின்றார்
காக்கி உடுப்போடு.
இடைவேளையில் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தேன்.
நட்பு ஆட்டம்தான், யாரும் ஆட்சேபிக்கவில்லை.
போட்டு நாலடி நடந்தார்.
நார் குத்துதுடா என்றார்.
எடுத்துப்போட்டேன்.
மறுபடி நடந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தே கால் பாசஞ்சர் விசில் அடித்ததாம்.
நான் கண்டது
ராஜாளியார் தரையில் குப்புற விழுந்ததை,
இரண்டு கையும் தலைமேல்.
பந்து அவரைத் தாண்டி உருண்டது.
சிரிக்கிற ஊர், சிரிக்கவில்லை.

வெறுங்காலோடு ஓடினேன்.
தாள் குத்தியது பிறகுதான் தெரிந்தது.
பந்தைக் காய்ந்த வாய்க்காலுக்கு உதைத்துவிட்டு
அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்,
கேட்கிற காது அவர் பக்கம் இருக்கும்படி.

பன்னிரண்டாவது ஆள் உள்ளே வந்தது குற்றம்.
ரெஃப்ரி வந்து பெயர் கேட்டார்,
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
கிளப் நோட்டில் இருக்கிறது,
அபராதம் ஒரு ரூபாய்,
பிழையில்லாமல்.